நாலு நாளைக்கு ஒரு தண்ணீர்

பைபாஸ் ரோட்டுக் கடையில்
மூன்று மணி நேரம், இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய் என்றான்.
நானே பார்த்துக்கொள்கிறேன் என்று
ஒரு பிரஷ், இரண்டு மைக்ரோஃபைபர் துணி,
ஒரு டப்பா மெழுகு வாங்கிவந்தேன்.

ஆனையூரில் நாலு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர்.
இந்த முறை அது ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது
யார் செய்த புண்ணியமோ.
ஐந்தே முக்காலுக்குக் குழாய் முதலில் காற்றை விட்டது,
இருமியது, செருமியது,
பிறகு ஒப்புக்கொண்டது.

மேலிருந்து கீழாகத் துடைக்க வேண்டும்.
கூரை, கண்ணாடி, பானெட், கதவு.
சக்கரத்துக்குத் தனித் துணி.
வேதியியல் நடத்துகிறவள் நான்.
காக்கை எச்சம் அமிலம் என்று
பன்னிரண்டாம் வகுப்புக்குச் சொல்லிக்கொண்டே
ஆறு மாதம் அதைப் பெயிண்டைத் தின்ன விட்டிருக்கிறேன்.

கொழுந்தன் மொக்கராசு போன ஆடியில்
"ஒரு சின்ன சாமான் ஏத்தணும் மதினி" என்று
சாவி வாங்கிப் போனார்.
சின்னச் சாமானுக்குக் கொம்பு இருந்திருக்கிறது.
பாண்டி கோயில் வரைக்கும்
பின் சீட்டில் உட்கார்ந்து போன கிடாய்
எவ்வளவு பயந்ததோ,
அதன் கணக்கு முழுவதும்
சீட்டுக்கு அடியில் காய்ந்த மிளகாகக் கிடந்தது.
பழைய பல் பிரஷால் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தேன்.
எனக்கு ஒரு கூறு கறிகூட வரவில்லை.

ஏசி துவாரங்களுக்குக் காது குடையும் பஞ்சு.
சீட் பெல்ட்டை இழுக்க இழுக்க
உள்ளே இன்னும் வைத்திருந்தது
கஞ்சன் மடியைப் போல.

பக்கத்து வீட்டு ஞானப்பிரகாசம்
பூசைக்குப் போகும்போது கேட்டார்,
"இன்னும் எம்புட்டு நேரம் டீச்சர்?"
அரை மணி என்றேன்.
பூசை முடிந்து வந்தும் கேட்டார்.
அரை மணி.

பிறகு கால்மிதிகள்.
காம்பவுண்டுச் சுவரில் போட்டு அடித்தேன்.
பின்னால் இருந்ததில் செம்மண்,
இவர் மேலூர்ப் பக்கம் பிளாட் பார்க்கப் போய் வந்தது.
முன்னால் இடது பக்கம்
மகனுடைய கிரிக்கெட் மைதானத்துப் புழுதி.
டிரைவர் மிதியில், கிளட்சுக்குக் கீழே,
கட்டியாக, கன்னங்கரேலென்று
கரிசல்.

எங்கள் வீட்டில் யாருக்கும்
கரிசல் காட்டில் ஜோலி இல்லை.

கார்த்திகையில் ஒரு ராத்திரி
ஒன்றேகால் மணிக்கு இந்த வண்டியை
ஸ்டார்ட் பண்ணாமல் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போனேன்.
கப்பலூர் டோல்கேட் தாண்டி,
திருமங்கலம் தாண்டி,
கள்ளிக்குடிக்கு முன்னால் ஓரங்கட்டி
இறங்கிக் காட்டுக்குள் நடந்தேன்.
மழை அப்போதுதான் விட்டிருந்தது.
பருத்தியா மக்காச்சோளமா, தெரியவில்லை.
ஈரக் கரிசல் செருப்பைப் பிடித்தது,
அடிக்கு ஒரு கிலோ கூடிக்கொண்டே வந்தது.
திருநெல்வேலி வரைக்கும் பெட்ரோல் இருந்தது.

பால்பாக்கெட் வருவதற்குள் வீட்டில் இருந்தேன்.
டோல் பிடித்த மெசேஜ் என் போனுக்குத்தான் வரும்,
போக ஒன்று, வர ஒன்று.
இரண்டையும் அழித்தேன்.
கீழே பார்க்கத் தோன்றவில்லை.

குழாய் நூலாக மெலிந்து நின்றுவிட்டது.
போர்த் தண்ணீர் உப்பு,
காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும்.
குடிக்க வைத்திருந்த கேனை உடைத்தேன்.
கட்டி லேசில் கரையவில்லை.
கட்டை விரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்ததும்
மை மாதிரி ஓடி
காலையில் போட்ட கோலத்தின் ஒரு மூலையைக் கருக்கிக்கொண்டு
சாக்கடையில் இறங்கியது.
நகக்கண்ணில் கொஞ்சம் நின்றது.

மெழுகு போட்டு முடிக்கும்போது மணி ஒன்றரை.
இவர் கைலியோடு வெளியே வந்தார்,
சுற்றிப் பார்த்தார்,
டிரைவர் சீட்டில் உட்கார்ந்து
கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினார்.
புதுசாட்டம் இருக்கே என்றார்.
மூக்கை உறிஞ்சினார்.
"ஆட்டு வாடை மட்டும் போகலை."

ஆமா, அது போக
நாளாகும் என்றேன்.